அனுபவம் கேட்கும் முதல் வேலை

“குறைந்தது இரண்டாண்டு அனுபவம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்.” தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை தேடத் தொடங்கும் இளையோர் பலர் முதலில் காணும் வரி இதுதான். வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் இல்லாமல் வேலை இல்லை என்றால், முதல் வேலையை எங்கிருந்து தொடங்குவது? இந்தக் கேள்வி கோலாலம்பூரில் உள்ளவருக்கும் உண்டு, ஜாசினில் உள்ளவருக்கும் உண்டு. ஆனால், ஜாசின் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அதைப் புரிந்துகொள்ள நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் உருவாக்கினார். அதன்பின் அவர் புக்கிட் ஆசஹானிலும் பெரிய அளவில் ரப்பர் பயிரிட்டார். அந்த ஆசஹான் இன்றைய ஜாசின் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ரப்பர் பரவப் பரவ, தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தத் தோட்டங்களில் முதல் வேலைக்கு அனுபவச் சான்றிதழை எவரும் கேட்டதில்லை. விடியற்காலையில் தாய் தந்தையருடன் நிரைக்குப் போன பிள்ளை, மரத்தை எந்த ஆழத்தில் சீவ வேண்டும், பட்டையை எப்படிக் காயப்படுத்தாமல் வெட்ட வேண்டும் என்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டது. ஆள் எடுக்கும் செய்தி கங்காணி வழியாகவோ மண்டோர் வழியாகவோ வீட்டுக்கே வந்தது. அந்த வாழ்க்கை கடினமானது, கூலியும் குறைவு. ஆனாலும், வேலைக்குள் நுழையும் வழி எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் போன்ற ஊர்களுக்குக் குடிபெயர்ந்தன. 1970களில் பத்து பெரெண்டாமில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அப்போதும் “அக்கா வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களாம்” என்று வாய்மொழியாகவே செய்தி பரவியது. வேலை எப்படி இருக்கும், எந்தப் பகுதியில் சேர்ந்தால் நல்லது, மேலாளர் எப்படிப்பட்டவர் என்பதை எல்லாம் சொல்ல வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் இருந்தார்.

தகவல் தொழில்நுட்ப வேலையில் இந்தத் தொடர்தான் அறுந்துவிடுகிறது. தந்தை லாரி ஓட்டுநர், தாய் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர் என்றால், அவர்களால் பிள்ளையைப் படிக்க வைக்க முடியும். ஆனால், “நிரலர் ஒருவர் காலையிலிருந்து மாலைவரை என்னதான் செய்கிறார்?” என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது. நிறுவனம் ‘அனுபவம்’ என்று கேட்பதில் பாதி இந்த உள்விவரம்தான் என்பது என் கருத்து. அதனால், அந்த வேலைகள் உள்ளே எப்படி இருக்கின்றன என்பதிலிருந்தே தொடங்குவோம்.

தகவல் தொழில்நுட்பம் என்றதும் பலருக்கு நிரல் எழுதுவது மட்டுமே நினைவுக்கு வருகிறது. அது ஒரு பகுதிதான். எழுதிய மென்பொருளைச் சோதித்துக் குறைகளைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தின் கணினிகளையும் வலையமைப்பையும் பராமரிப்பவர்கள், தரவுகளைச் சேர்த்துத் தூய்மைப்படுத்தி அறிக்கையாக்குபவர்கள், இணையப் பக்கங்களை வடிவமைப்பவர்கள், ஊடுருவல்களைக் கண்காணிப்பவர்கள் என்று பட்டியல் நீளும். மென்பொருள் நிறுவனத்தில்தான் இந்த வேலைகள் உண்டு என்பதும் இல்லை. மருத்துவமனை, வங்கி, தங்கும் விடுதி, செம்பனை ஆலை, பள்ளிக்கூடம் என எங்கெல்லாம் கணினி இருக்கிறதோ அங்கெல்லாம் அதைக் கவனிக்க ஆள் வேண்டும். புதியவர் ஒருவருக்குப் பெரும்பாலும் முதலில் திறக்கும் கதவு கணினி உதவிப் பிரிவு. அதைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

முதலாளி ஏன் அனுபவம் கேட்கிறார்? அவருடைய நாற்காலியில் அமர்ந்து சற்று எண்ணிப் பாருங்கள். புதியவர் ஒருவரைச் சேர்த்தால், முதல் சில மாதங்கள் அவருக்குக் கற்றுக்கொடுக்கத் தேர்ந்த ஊழியர் ஒருவர் தம் நேரத்தைச் செலவிட வேண்டும். புதியவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்டால் நிறுவனத்திற்கு இழப்பு. கற்றுக்கொண்டதும் அவர் வேறு நிறுவனத்திற்குப் போய்விட்டால் செலவிட்ட நேரமும் வீண். ஆகவே, அவர் ‘இரண்டாண்டு அனுபவம்’ என்று எழுதும்போது உண்மையில் மூன்று ஐயங்களுக்கு விடை தேடுகிறார். இவர் எடுத்த வேலையை முடிப்பவரா? தடங்கல் வந்தால் என்ன செய்வார்? பிறருடன் சேர்ந்து வேலை செய்யத் தெரியுமா? இந்த மூன்றுக்கும் சான்று காட்ட முடிந்தால், அந்த இரண்டாண்டு என்ற எண் சற்றுத் தளர்ந்துகொடுக்கும். எல்லா நிறுவனங்களிலும் தளரும் என்று சொல்ல முடியாது. வங்கியின் தரவுத்தளத்தைப் பாதுகாக்கும் பொறுப்பைப் புதியவரிடம் யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆனால், இளநிலை வேலைகளில் தளர்வுக்கு இடம் உண்டு.

சம்பளம் வாங்காமலேயே இத்தகைய சான்றை உருவாக்க முடியுமா? முடியும். அதற்கு ஜாசின் பட்டணத்திலேயே எடுத்துக்காட்டு கிடைக்கும். நம் நாட்டு மளிகைக் கடைகளில் ‘555’ என்று அச்சிட்ட சிறிய குறிப்புப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்போது திருப்பிக் கொடுத்தார் என்பதைக் கடைக்காரர் அதில்தான் குறித்து வைப்பார். மாணவர் ஒருவர் அந்தப் பற்றுக் கணக்கைக் கணினிக்கு மாற்றித் தர முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்கு மிகச் சிறிய வேலை. தேதி, பெயர், பொருள், தொகை என்று விரிதாளில் நான்கு பத்திகள் போட்டால் முடிந்துவிடும் என்றுதான் தோன்றும்.

முதல் நாளே சிக்கல் வரும். கணக்கில் இரண்டு மாரியம்மாக்கள் இருப்பார்கள். கடைக்காரருக்கு அவர்களைப் பிரித்தறிவதில் சிரமமே இல்லை. ஒருவர் பங்சாபுரி மாரியம்மா, மற்றவர் தோட்டத்து மாரியம்மா. கணினிக்கோ இருவரும் ஒருவரே. இங்கேதான், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி அடையாள எண் ஏன் வேண்டும் என்பது புரிகிறது. பாடநூலில் ‘முதன்மைத் திறவுகோல்’ என்று படித்துத் தேர்வில் எழுதிய விஷயம், மாரியம்மாவின் கடனை இன்னொரு மாரியம்மாவிடம் கேட்டுவிடக்கூடாதே என்ற அச்சத்தில் மனத்தில் பதிந்துவிடும்.

அடுத்த சிக்கல் சம்பள நாளில் வரும். 83 ரிங்கிட் பாக்கி வைத்தவர் 50 ரிங்கிட் கொடுத்துவிட்டு, அன்றைக்கே 12 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்கிச் செல்வார். மீதம் 45 ரிங்கிட் என்று ஒரே எண்ணை எழுதி வைத்தால், பத்து நாள் கழித்து அவர் “அன்றைக்கு நான் 60 அல்லவா கொடுத்தேன்?” என்று கேட்கும்போது விடை இருக்காது. ஒவ்வொரு வரவையும் ஒவ்வொரு பற்றையும் தனித்தனி வரியாக எழுதி, மீதத்தைக் கணினியே கூட்டிக் கழித்துக் காட்டும்படி செய்ய வேண்டும். தவறான பதிவு ஒன்று விழுந்துவிட்டால் அதை அழிக்கக்கூடாது. அதைச் சரிசெய்யும் எதிர்ப்பதிவு ஒன்றைப் போட வேண்டும். கணக்கர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் முறை இது. வங்கி மென்பொருளும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது.

மூன்றாவது சிக்கலைத்தான் யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். எல்லாம் ஒழுங்காக அமைந்த பிறகும் கடைக்காரர் மீண்டும் 555 புத்தகத்தையே எடுத்துவிடுவார். காரணம் எளியது. பேனாவால் எழுத ஐந்து நொடி போதும். கணினியில் பெயரைத் தேடி, பொருளைத் தட்டச்சிட்டு முடிக்க அரை நிமிடம் ஆகிறது. கடையில் ஐந்து பேர் காத்திருக்கும்போது அந்த அரை நிமிடம் மிக நீளமானது. இந்த இடத்தில் கடைக்காரரைக் குறை சொல்பவர் நல்ல மென்பொருள் வல்லுநராக முடியாது. பகலில் புத்தகத்திலேயே எழுதட்டும், இரவில் கடை சாத்திய பிறகு வீட்டார் யாராவது அன்றைய வரிகளை மட்டும் கணினியில் ஏற்றட்டும் என்று முறையை மாற்றினால் வேலை நடக்கும். பயனாளருக்கு ஏற்பக் கருவி மாற வேண்டும் என்று நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதும் இதைத்தான்.

இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணினி பழுதானால் கணக்கு முழுவதும் போய்விடும். எனவே, ஒவ்வோர் இரவும் வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். அடுத்து, யாருக்கு எவ்வளவு கடன் என்பது அவரவர் அந்தரங்கம். அந்தக் கோப்பைத் தன் திறமைக்குச் சான்றாக இணையத்தில் அப்படியே போட்டுவிடக்கூடாது. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டிலேயே தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. காட்டுவதற்குக் கற்பனைப் பெயர்களைக் கொண்ட மாதிரிக் கோப்பு போதும்.

விரிதாளில் தொடங்கியதைப் பின்னர் பைத்தான் மொழியில் சிறு நிரலாக எழுதிப் பார்க்கலாம். கணக்கைச் சேமிக்க எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளம் இலவசமாகவே கிடைக்கிறது. எழுதிய நிரலை கிட்ஹப் தளத்தில் ஏற்றினால், ஒவ்வொரு நாளும் என்ன மாற்றம் செய்தீர்கள் என்பது அங்கே தேதியோடு பதிவாகும். மூன்று மாதம் தொடர்ந்து உழைத்திருக்கிறீர்களா, நேர்முகத் தேர்வுக்கு முந்திய இரவு அவசரமாக எழுதினீர்களா என்பதை அந்தப் பதிவே சொல்லிவிடும். கடை கிடைக்காவிட்டால் கோயில் திருவிழாவின் நன்கொடைக் கணக்கு, தமிழ்ப்பள்ளி நூலகத்தின் இரவல் பதிவு, சிறுதோட்டக்காரர் ஒருவர் விற்ற செம்பனைக் குலைகளின் எடைக் கணக்கு என்று எதையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். அதை உண்மையான ஒருவர் பயன்படுத்த வேண்டும்.

சொந்தத் தேவையிலிருந்தோ சுற்றியிருப்பவர்களின் தேவையிலிருந்தோ தொடங்கிய பணிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கணினியில் தமிழை எளிதாகத் தட்டச்சிட வழியில்லாத 1980களில், மலேசியரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்னும் மென்பொருளை உருவாக்கினார். பின்னர் கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் செல்லினத்தையும் அவரே உருவாக்கி, 2005ஆம் ஆண்டு பொங்கலின்போது வெளியிட்டார். உலகின் பெரும்பாலான வழங்கிகளில் இன்று இயங்கும் லினக்ஸும் 1991ஆம் ஆண்டில் பின்லாந்துப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் சொந்தக் கணினிக்காகத் தொடங்கிய முயற்சியே. எல்லாருடைய சிறு பணியும் லினக்ஸ் ஆகிவிடாது. ஆக வேண்டிய தேவையும் இல்லை. வேலைக்கு அழைப்பு வரும் அளவுக்கு அது இருந்தால் போதும்.

இனிக் கணினி உதவிப் பிரிவுக்கு வருவோம். அலுவலக ஊழியர் ஒருவர் “இணையம் வரவில்லை” என்று அழைக்கிறார். புதியவர்கள் பலர் உடனே கணினியை அணைத்து மீண்டும் இயக்குங்கள் என்பார்கள். சில நேரம் அது பலிக்கும். ஆனால், பழுது எங்கே என்று தெரியாமலேயே போய்விடும். தேர்ந்தவர் முதலில் கேட்கும் கேள்வி வேறு: “உங்களுக்கு மட்டும்தானா, பக்கத்தில் இருப்பவருக்கும் வரவில்லையா?” எல்லாருக்கும் வரவில்லை என்றால் பழுது அந்தக் கணினியில் இல்லை. பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிட்டது. ஒருவருக்கு மட்டும்தான் என்றால் கம்பி சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து, அந்தக் கணினிக்கு வலையமைப்பு முகவரி கிடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் கருவியுடன் கணினியால் தொடர்புகொள்ள முடியவில்லை என்று பொருள். வேறு வழியின்றிக் கணினி தனக்குத்தானே வைத்துக்கொண்ட முகவரி அது. முகவரி சரியாக இருந்தால், இணையத்தில் உள்ள 8.8.8.8 போன்ற எண் முகவரி ஒன்றைத் தொடர்புகொண்டு பார்ப்பார். எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயரைத் தட்டச்சிட்டால் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையில்தான் கோளாறு.

இதில் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஒவ்வொரு கேள்வியும் பழுது இருக்கக்கூடிய இடத்தைப் பாதியாகக் குறைக்கிறது. அதுதான் முறை. நேர்முகத் தேர்வில் “அச்சுப்பொறி வேலை செய்யவில்லை, என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், அவர்கள் விடையை எதிர்பார்ப்பதில்லை. நீங்கள் எந்த வரிசையில் கேள்வி கேட்கிறீர்கள் என்பதைத்தான் கவனிக்கிறார்கள். இந்தப் பிரிவில் பொறுமையும் வேண்டும். கோபத்தோடு அழைப்பவரிடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் தெளிவாகப் பேச வேண்டும், கண்டுபிடித்ததை நான்கு வரியில் எழுதி வைக்க வேண்டும், தம்மால் முடியாததை மேல்நிலைக்கு மாற்றிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னது பலருக்கு வருவதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் இழுத்துக்கொண்டிருப்பது இந்தத் துறையில் பெரிய குற்றம்.

படிப்பு வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். எஸ்.பி.எம். முடித்தவருக்குப் பல வழிகள் இருக்கின்றன. மலாக்காவிலேயே டுரியான் துங்காலில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்காவில் தகவல் தொழில்நுட்பத்திற்கெனத் தனிப் புலம் உண்டு. மல்டிமீடியா பல்கலைக்கழகத்திற்கு ஆயர் குரோவை அடுத்த புக்கிட் பெருவாங்கில் வளாகம் இருக்கிறது. அரசாங்கப் பொலிடெக்னிக்குகளிலும் சமூகக் கல்லூரிகளிலும் டிப்ளோமாவும் சான்றிதழும் படிக்கலாம். தொழில்திறன் வழியில் போக விரும்புவோருக்கு மலேசியத் தொழில்திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் உண்டு. அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமாவும் ஐந்தாம் நிலையில் உயர்நிலை டிப்ளோமாவும் பெறலாம். இந்தப் படிப்புகளில் இறுதிப் பகுதியாக வரும் நிறுவனப் பயிற்சிதான் பல மாணவர்களின் உண்மையான முதல் வேலை. ‘எங்கே இடம் கிடைத்தால் என்ன?’ என்று அதை அலட்சியமாக எடுத்துக்கொள்பவர்கள், நகல் எடுத்தும் கோப்பு அடுக்கியும் சில மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள். பயிற்சிக்குச் சேரும் முன்பே “நான் என்ன வேலை செய்வேன், யார் எனக்கு வழிகாட்டுவார்?” என்று கேட்பதில் தவறில்லை.

பட்டத்தைவிடத் திறனை முன்வைக்கும் இடங்களும் வந்துவிட்டன. பிரான்ஸ் நாட்டில் 2013இல் தொடங்கிய ‘42’ என்னும் நிரலாக்கப் பள்ளிக்கு நம் நாட்டில் பண்டார் சன்வேயில் கிளை உண்டு. அங்கே ஆசிரியரும் இல்லை, கட்டணமும் இல்லை. ஏறத்தாழ நான்கு வாரம் நீடிக்கும் கடும் தேர்வில் தாக்குப்பிடிப்பவர்கள் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் ஸ்ரீதர் வேம்புவின் சோஹோ நிறுவனம் பள்ளிப் படிப்பை முடித்தவர்களை நேரடியாக எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலையில் அமர்த்துகிறது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற சிற்றூரிலும் அந்நிறுவனத்திற்கு அலுவலகம் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளை மென்பொருள் எழுத மாநகரத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற எண்ணத்தை அது கேள்விக்குள்ளாக்கியது. அத்தகைய அலுவலகம் ஒன்று நியாலாஸிலோ செலண்டாரிலோ வராதா என்று ஆசைப்படுவதில் தவறில்லை.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு சொல். வலையமைப்பு, மேகக் கணிமை, பாதுகாப்பு எனப் பல நிறுவனங்கள் சான்றிதழ் வழங்குகின்றன. செய்ய விரும்பும் வேலைக்குப் பொருத்தமான ஒன்று பயன்தரும். பொருத்தமில்லாத ஏழு சான்றிதழ்கள், இவருக்கு என்ன வேண்டும் என்பதே இவருக்குத் தெரியவில்லை என்றுதான் காட்டும். பல ஆயிரம் ரிங்கிட் கட்டினால் மூன்றே மாதத்தில் வேலை உறுதி என்று விளம்பரப்படுத்தும் வகுப்புகளில் சேரும் முன், அங்கே படித்து வேலைக்குப் போன இருவரிடமாவது நேரில் பேசிப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பத்தில் தன்விவரக் குறிப்பு ஒரு பக்கத்தில் அடங்கினால் நல்லது. “எனக்குக் கணினியில் மிகுந்த ஆர்வம் உண்டு, கடின உழைப்பாளி” என்ற வரியை எழுதாத விண்ணப்பதாரர் இல்லை. அதனால் அந்த வரிக்கு மதிப்பும் இல்லை. அதே இடத்தில், “மளிகைக் கடை ஒன்றின் 60 வாடிக்கையாளர்களின் பற்றுக் கணக்கைப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாற்றினேன், ஒரே பெயர் கொண்டவர்களைப் பிரிக்க அடையாள எண் முறையை அமைத்தேன், ஐந்து மாதமாகக் கடையில் பயன்பாட்டில் உள்ளது” என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். கேள்விகளும் அதிலிருந்தே வரும். உங்களுக்கு நன்கு தெரிந்த விஷயத்தைப் பற்றியே நேர்முகத் தேர்வில் பேசும் வாய்ப்பை நீங்களே அமைத்துக்கொள்கிறீர்கள்.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட நொடியில் நிரல் எழுதித் தருகின்றன. இதனால் புதியவர்களுக்குக் கொடுக்கப்பட்டுவந்த எளிய வேலைகள் சில குறைகின்றன என்ற கவலை நியாயமானதே. அதே வேளையில், அக்கருவியைப் பயன்படுத்தத் தெரிந்தவரையே பல நிறுவனங்கள் விரும்புகின்றன. முரணாகத் தோன்றினாலும், நேர்முகத் தேர்வில் இதன் எல்லை தெளிவாகத் தெரியும். “இந்த வரியை ஏன் இப்படி எழுதினீர்கள்? இதை நீக்கினால் என்ன ஆகும்?” என்று இரண்டு கேள்விகள் கேட்டாலே, புரிந்து எழுதியவரும் படியெடுத்தவரும் பிரிந்துவிடுவார்கள்.

வேலை விளம்பரங்களைத் தேட ஜாப்ஸ்டிரீட் தளம் பலருக்குத் தெரியும். 1997இல் அதைத் தொடங்கிய மார்க் சாங் ஒரு மலேசியர். சொக்சோ நடத்தும் மைபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம். இவற்றோடு, விளம்பரமே செய்யாத சிறு நிறுவனங்களும் இருக்கின்றன. மலாக்கா நகரில் கணினி விற்றுப் பழுதுபார்க்கும் கடை, பாதுகாப்புக் கேமரா பொருத்தும் நிறுவனம், தொழிற்சாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துத் தரும் அலுவலகம் போன்றவற்றில் ஆள் தேவை எழுந்தாலும், முதலாளி தமக்குத் தெரிந்தவர்களிடம்தான் முதலில் சொல்வார். அந்தத் ‘தெரிந்தவர்’ வட்டத்திற்குள் எப்படிப் போவது? பள்ளியின் முன்னாள் மாணவர்களில் இந்தத் துறைக்குப் போனவர்கள் யார் என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களில் ஒருவருக்குச் சுருக்கமான மின்னஞ்சல் எழுதுங்கள். “அண்ணா, எனக்கு வேலை வாங்கித் தாருங்கள்” என்று கேட்டால் அவருக்குச் சங்கடம். “அக்கா, உங்கள் அலுவலகத்தில் புதியவருக்கு முதல் மாதம் என்ன வேலை கொடுப்பார்கள்?” என்று கேட்டால் அவர் மகிழ்ச்சியோடு பத்து நிமிடம் பேசுவார். முன்பு மண்டோர் வீட்டுத் திண்ணையில் கிடைத்த செய்தி இப்படித்தான் இப்போது கிடைக்கும்.

சம்பளத்தையும் கணக்கிட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஆயர் குரோவில் ஒரு நிறுவனம் 2,200 ரிங்கிட் தருவதாகச் சொல்கிறது. கோலாலம்பூரில் ஒன்று 2,800 ரிங்கிட் தருவதாகச் சொல்கிறது. ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு. அதைக் கழித்தால் முன்னதில் ஏறத்தாழ 1,958 ரிங்கிட்டும் பின்னதில் 2,492 ரிங்கிட்டும் மிஞ்சும். சொக்சோ சந்தா இன்னும் சில ரிங்கிட்டைக் குறைக்கும். கையில் வரும் வேறுபாடு 534 ரிங்கிட். ஜாசினில் பெற்றோர் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வருபவருக்கு எண்ணெய்ச் செலவு. ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு அப்பால் அறை எடுத்துத் தங்குபவருக்கு வாடகை, உணவு, போக்குவரத்து. இவற்றை எழுதிக் கூட்டினால் 600 ரிங்கிட் அதிகம் தரும் வேலையில் சேமிப்பு குறைவாக இருப்பதும் தெரியவரலாம். ஆனால், கோலாலம்பூர் வேலையில் தேர்ந்த நிரலர்கள் பத்துப் பேருடன் அமர்ந்து கற்க முடியும் என்றால், அந்த வேறுபாட்டைக் கல்விக் கட்டணமாகக் கருதிப் போகலாம். இதற்குப் பொதுவான விடை கிடையாது.

கடைசியாக, எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகிறது. கணினி வேலை என்ற பெயரிலேயே இளையோர் ஏமாற்றப்படுகிறார்கள். 2022ஆம் ஆண்டில் கம்போடியா, மியன்மார் போன்ற நாடுகளில் உயர்ந்த சம்பளம் என்று ஆசை காட்டப்பட்டுச் சென்ற மலேசியர்கள் பலர், இணைய மோசடி வேலைகளைச் செய்யுமாறு அங்கே அடைத்து வைக்கப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அனுபவம் கேட்பதில்லை, நேர்முகத் தேர்வு இல்லை, விமானச் சீட்டும் இலவசம், சம்பளமோ பல மடங்கு என்றால் ஐயம் கொள்ள வேண்டும். உள்நாட்டிலும் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான முதலாளி வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்பதில்லை. உங்கள் வங்கிக் கணக்கையும் பண அட்டையையும் பிறரிடம் கொடுப்பதும் கூடாது. பணம் பறிபோனால் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

வேலை உறுதியானதும் நியமனக் கடிதம் வரும். கையெழுத்திடும் முன் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று பொறுமையாகப் படியுங்கள். பதவியின் பெயர், அடிப்படைச் சம்பளம், தகுதிகாண் காலம் எத்தனை மாதம், வேலையை விட எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2023 ஜனவரி முதல் சட்டப்படி வாரத்துக்கு வேலை நேரம் 45 மணிக்கு மிகக்கூடாது. பயிற்சிக்காக நிறுவனம் செலவிட்டதற்கு ஈடாக இத்தனை ஆண்டு விலகக்கூடாது என்ற பிணைப்பு விதி இருக்கிறதா, விலகினால் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதையும் பாருங்கள். புரியாத வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்து, மறுநாள் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். அவர்கள் அங்கே இருப்பது அதற்காகவும்தான்.